வைன் செத்தது, டிக்டாக் ஜெயித்தது: குறுங்காணொளி ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது?

சாவிக்கொத்து:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி. குறுங்காணொளி என்பதை டிக்டாக் கண்டுபிடிக்கவில்லை. வைன் 2013 ஜனவரியிலேயே வந்துவிட்டது. 6 விநாடிக் காணொளி, முடிந்ததும் தானாகத் திரும்ப ஓடும். வெளியாகும் முன்பே ட்விட்டர் அதை வாங்கியிருந்தது, ஆகவே பின்னால் பெரிய கை இல்லாமல் இல்லை. திறமைசாலிகளும் குவிந்தார்கள். இன்று யூடியூபில் பெரிய ஆட்களாக இருக்கும் சிலர் அங்கே தொடங்கியவர்கள்தான். ஆனால் 2016 அக்டோபரில் மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் பைட்டான்ஸ் நிறுவனம் சீனாவில் டூயின் என்ற செயலியை இறக்கியிருந்தது. அதன் வெளிநாட்டு வடிவமாக 2017இல் வந்த டிக்டாக், 2021 செப்டம்பரில் மாதம் 100 கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அறிவித்தது.

இரண்டும் குட்டிக் காணொளிதான், இரண்டும் கைபேசியில்தான். ஒன்று செத்தது, இன்னொன்று இணையத்தின் முகத்தையே மாற்றியது. "மக்களுக்குப் பொறுமை குறைந்துவிட்டது" என்ற பதில் எனக்குப் போதவில்லை. பொறுமைக் குறைவுதான் காரணம் என்றால் 6 விநாடிக்காரன்தானே ஜெயித்திருக்க வேண்டும்? உங்கள் கருத்து என்ன?

வெயில்மழை:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஊரடங்கு. உலகமே வீட்டில் அடைந்து கிடந்தது, கையில் போன் இருந்தது. 2020இன் முதல் மூன்று மாதத்தில் மட்டும் டிக்டாக் 31.5 கோடி முறை தரவிறக்கப்பட்டது. அதற்கு முன் எந்தச் செயலியும் ஒரு காலாண்டில் அந்த எண்ணைத் தொட்டதில்லை என்று செயலித் தரவிறக்கங்களைக் கணக்கிடும் சென்சார் டவர் நிறுவனம் சொன்னது. சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றார்கள், அவ்வளவுதான்.

சாவிக்கொத்து:

ஊரடங்கு முதுகில் கை வைத்துத் தள்ளியது, மறுக்கவில்லை. ஆனால் அதே ஊரடங்கில்தான் க்விபி என்ற காணொளிச் செயலியும் வந்தது. நினைவிருக்கிறதா? 2020 ஏப்ரல் தொடக்கத்தில் வெளியானது. திரட்டிய முதலீடு 175 கோடி டாலர். ஹாலிவுட் நட்சத்திரங்கள், கைபேசிக்கென்றே எடுத்த நிகழ்ச்சிகள், ஒவ்வொரு பகுதியும் 10 நிமிடத்துக்குள். அக்டோபரிலேயே மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். குறுகிய காணொளியும் இருந்தது, ஊரடங்கும் இருந்தது, பணமும் இருந்தது. வேறு ஏதோ ஒன்று இல்லை.

வெயில்மழை:

க்விபிக்குக் காசு கட்ட வேண்டும், டிக்டாக் இலவசம். அதை விட்டுவிட்டீர்களே.

சாவிக்கொத்து:

பேஸ்புக்கின் லாசோ என்ற குறுங்காணொளிச் செயலியும் இலவசம்தான். டிக்டாக்கைப் பார்த்தே செய்தார்கள், 2018 நவம்பரில் வந்தது, 2020 ஜூலையில் போய்விட்டது. அப்படி ஒன்று இருந்ததே பலருக்குத் தெரியாது.

நிரல்வாசி:

யாருக்கு எதைக் காட்டுவது என்று கணிக்கும் பரிந்துரை மென்பொருள்களில் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். (பைட்டான்ஸில் அல்ல. அந்தச் சந்தேகம் யாருக்கும் வேண்டாம்.)

டிக்டாக்குக்கு முன்பு வந்த பேஸ்புக், ட்விட்டர், இன்ஸ்டாகிராம், வைன் எல்லாம் ஒரே அஸ்திவாரத்தில் நின்றன: நீங்கள் யாரைத் தொடர்கிறீர்கள்? புதிதாகச் சேர்ந்தவருக்குத் திரை காலியாக இருக்கும். பத்து இருபது பேரைத் தேடிப்பிடித்துத் தொடர்ந்தால்தான் ஏதாவது தெரியும். பாதிப் பேர் அந்த வேலையைச் செய்ய மாட்டார்கள், போய்விடுவார்கள். டிக்டாக் அந்தப் படியையே எடுத்துவிட்டது. திறந்ததும் ஒரு காணொளி ஓட ஆரம்பிக்கிறது. நீங்கள் யாரென்று அதற்குத் தெரியாது, ஆனால் அடுத்த சில நிமிடங்களில் தெரிந்துகொண்டுவிடும்.

எப்படி? திரையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு காணொளிதான் இருக்கிறது. யூடியூபின் முகப்புப் பக்கத்தில் பத்துச் சிறுபடங்கள் இருக்கும், ஒன்றை அமுக்குகிறீர்கள். மற்ற ஒன்பதும் பிடிக்கவில்லையா, கண்ணில் படவேயில்லையா என்று கணினிக்குத் தெரியாது. இங்கே அந்தக் குழப்பமே இல்லை. கண் பரிசோதனையில் ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றி "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பார்களே, அந்த மாதிரி. முழுக்கப் பார்த்தீர்களா, இரண்டாம் முறையும் ஓடவிட்டீர்களா, ஒரு விநாடியில் தள்ளினீர்களா, எல்லாமே பதில்தான். நீங்கள் லைக் போட வேண்டியதே இல்லை.

2020 ஜூனில் டிக்டாக் தானே இதை வெளிப்படையாக எழுதியது. நீளமான காணொளியைக் கடைசிவரை பார்ப்பது வலுவான அடையாளம், பார்ப்பவரும் எடுத்தவரும் ஒரே நாட்டில் இருப்பது பலவீனமான அடையாளம். ஃபாலோயர் எண்ணிக்கை நேரடியாகக் கணக்கில் வராது என்றும் சொன்னார்கள். 2021இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நூற்றுக்கும் மேற்பட்ட போலிக் கணக்குகளைத் தானியங்கியாக ஓடவிட்டுப் பார்த்தது. ஒரு காணொளியில் எவ்வளவு நேரம் தயங்கி நிற்கிறோம் என்பதே எல்லாவற்றையும்விட முக்கியம் என்று அவர்களும் கண்டார்கள்.

இப்போது நீளத்துக்கு வருகிறேன். 15 விநாடிக் காணொளி என்றால் 10 நிமிடத்தில் 40 காணொளி. அதாவது உங்களைப் பற்றி 40 பதில்கள். ஒரு மணி நேரப் படம் ஒன்றைப் பார்த்தால் ஒரே பதில். நான் சொல்ல வருவது இதுதான்: காணொளி குட்டியாக இருந்தது உங்களைவிட அந்தக் கணினிக்குத்தான் அதிகம் உதவியது. வைனும் குட்டிதான், ஆனால் அந்தப் பதில்களை வைத்து அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. நீங்கள் யாரைத் தொடர்கிறீர்களோ அவர்களின் காணொளிகளைத்தான் வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

குறுக்குக்கேள்வி:

நல்ல விளக்கம். ஆனால் "அல்காரிதம்" என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோமோ? நெட்ஃபிளிக்ஸிடமும் பரிந்துரை இருக்கிறது. யூடியூபிடம் அதற்கு முன்பே இருந்தது.

நிரல்வாசி:

இருந்தது. வேகம்தான் வித்தியாசம். 2022இல் பைட்டான்ஸ் பொறியாளர்கள் மோனோலித் என்ற தங்கள் அமைப்பைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதன் சாரம், நீங்கள் இப்போது செய்ததை வைத்து, உங்களுக்கு எது பிடிக்கும் என்று கணிக்கும் கணினி மாதிரியை (மாடல்) அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்துவது. நேற்றைய உங்களுக்கு இன்று காட்டுவது வேறு, இப்போதைய உங்களுக்கு இப்போதே காட்டுவது வேறு. அப்புறம் அந்த நிறுவனத்தின் பிறப்பே அதுதான். ஜாங் யீமிங் 2012இல் தொடங்கிய பைட்டான்ஸின் முதல் பெரிய வெற்றி டௌடியாவ் என்ற செய்திச் செயலி. ஆசிரியர் குழு இல்லாமல், யார் எதைப் படிக்கிறார்கள் என்று பார்த்தே செய்தி பரிமாறியது. காணொளிக்கு வருவதற்கு நான்கு வருடம் முன்பே அந்தப் பயிற்சி கைவந்துவிட்டது.

கத்தரிக்கோல்:

மேலே எல்லாரும் பார்ப்பவர் பக்கமிருந்தே பேசுகிறீர்கள். எடுப்பவர் பக்கம் வாருங்கள். என் பிழைப்பு காணொளி எடிட்டிங்.

டிக்டாக்குக்கு முன் ஒரு ஆளுக்குக் காணொளி போட ஆசை வந்தால் முதல் தடை கேமராவோ துணிச்சலோ அல்ல, "என்ன எடுப்பது?" என்பதுதான். டிக்டாக் அந்தக் கேள்வியையே ஒழித்தது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு காணொளியின் கீழ் மூலையிலும் ஒரு தட்டு சுழல்கிறது. அதைத் தொட்டால் அந்த ஒலியை வைத்து மற்றவர்கள் எடுத்த எல்லாக் காணொளியும் வரிசையாக வரும். அதற்குக் கீழேயே "இந்த ஒலியைப் பயன்படுத்து" என்ற பொத்தான். அதை அமுக்கினால் கேமரா தயார். பாட்டு இருக்கிறது, எத்தனையாவது விநாடியில் திரும்ப வேண்டும் என்று முன்னால் நூறு பேர் செய்து காட்டியிருக்கிறார்கள். நீங்கள் உங்கள் முகத்தைக் கொண்டுபோனால் போதும். காப்பியடிப்பது அங்கே குற்றம் இல்லை, அதுதான் ஆட்டமே.

இந்த வேர் மியூசிக்கலியில் இருக்கிறது. 2014இல் ஷாங்காயில் தொடங்கியவர்கள். முதலில் குட்டிக் காணொளியில் பாடம் நடத்தும் செயலி செய்து, அது எடுபடாமல், மிச்சமிருந்த பணத்தில் பாட்டுக்கு வாயசைக்கும் செயலிக்கு மாறினார்கள். 2017 நவம்பரில் பைட்டான்ஸ் அதை வாங்கி, 2018 ஆகஸ்டில் டிக்டாக்கோடு இணைத்துவிட்டது. கணினி மூளை டௌடியாவிலிருந்து, ஆட்டக்களம் மியூசிக்கலியிலிருந்து.

டூயட் என்று ஒரு வசதி, மற்றவர் காணொளிக்குப் பக்கத்தில் உங்கள் காணொளியை வைத்துச் சேர்ந்து ஓடவிடலாம். அதற்கு ஒரு உதாரணம். 2020 டிசம்பர் இறுதியில் ஸ்காட்லாந்தின் தபால்காரர் ஒருவர் திமிங்கில வேட்டைக் காலத்துக் கப்பல் பாட்டு ஒன்றைத் தனியாகப் பாடிப் போட்டார். மேசையைத் தட்டிக்கொண்டு, இசைக்கருவி எதுவும் இல்லாமல். வேறு ஒருவர் அதன் பக்கத்தில் தன் காணொளியை வைத்துக் கீழ்க்குரல் சேர்த்தார். அதன் மேல் இன்னொருவர். அப்புறம் வயலின். ஒருவரையொருவர் பார்த்தேயிராத ஆட்கள் சேர்ந்து ஒரு குழுப்பாடல் ஆகிவிட்டது. சில வாரங்களில் அந்தத் தபால்காரருக்கு இசை நிறுவன ஒப்பந்தமே கிடைத்தது. க்விபி வெளியானபோது என்ன நிலை தெரியுமா? திரையைப் படம்பிடித்து நண்பருக்கு அனுப்பக்கூட வழியில்லை. சாவிக்கொத்து கேட்ட "வேறு ஏதோ ஒன்று" இதுதான்.

வெயில்மழை:

சரி, ஊரடங்கு வாதத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். முழுக்க விடவில்லை :)

அல்லி:

எல்லாரும் ஏதோ பொறியியல் சாதனையை ரசிப்பது மாதிரி எழுதுகிறீர்கள். என் வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். காணொளி முடியும் முன்பே கட்டைவிரல் நகர்ந்துவிடுகிறது. சிரிப்பு வரும் இடத்தில் முகத்தில் சிரிப்பு இல்லை. "இதற்கு முன்னால் என்ன பார்த்தாய்?" என்று கேட்டேன், யோசித்தாள், சொல்ல முடியவில்லை.

2024 அக்டோபரில் அமெரிக்க மாநிலங்கள் பல வழக்குப் போட்டன. கென்டக்கி மாநிலத்தின் மனுவில் கறுப்பு மையடித்து மறைத்த பகுதிகள் சரியாக மறையாமல் வெளியே வந்துவிட்டன. அதில் இருந்தது: 260 காணொளி பார்த்தால் ஒருவருக்குப் பழக்கம் படிந்துவிடும் என்று நிறுவனமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. காணொளி 8 விநாடி வரைகூடச் சின்னதாக இருக்கலாம் என்பதால் 35 நிமிடத்துக்குள் அது நடந்துவிடும் என்கிறது வழக்கு. நிரல்வாசி, நீங்கள் சொன்ன "10 நிமிடத்தில் 40 பதில்கள்" அங்கே போய் முட்டுகிறது, பார்த்தீர்களா?

நேரக் கட்டுப்பாடு என்று ஒன்று வைத்தார்கள். 18 வயதுக்குக் கீழே இருந்தால் 60 நிமிடத்தில் எச்சரிக்கை வரும். அதே ஆவணங்களின்படி அவர்கள் சோதித்தபோது பிள்ளைகளின் சராசரி நாளுக்கு 108.5 நிமிடத்திலிருந்து 107 நிமிடமாக இறங்கியது. ஒன்றரை நிமிடம்.

குறுக்குக்கேள்வி:

அந்த ஆவணங்களைச் சூழலிலிருந்து பிய்த்து எடுத்து மேற்கோள் காட்டுகிறார்கள், பலவும் பழையவை என்று நிறுவனம் பதில் சொன்னது. அதையும் பதிவு செய்துவிடுகிறேன். நான் அவர்கள் கட்சி இல்லை.

ராட்டினம்:

அல்லி அக்கா, கோபிக்காதீர்கள். வானொலி வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள், டிவி வந்தபோதும் இதைத்தான் சொன்னார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது இங்கே உட்கார்ந்து அடுத்த தலைமுறையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள்.

அல்லி:

கோபம் இல்லை தம்பி. டிவியில் நிகழ்ச்சி முடிந்தால் பெயர்கள் ஓடும், விளம்பரம் வரும், எழுந்து போகத் தோன்றும். பிடிக்காத நிகழ்ச்சி வந்தால் அணைத்துவிடுவோம். இதில் முடிவு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். பிடிக்காதது வந்தால் தள்ளினால் போதும், அணைக்க வேண்டிய காரணமே வருவதில்லை. டிவி எல்லா வீட்டுக்கும் ஒரே நிகழ்ச்சியைக் காட்டியது. இது என் மகளுக்கென்று தனியாகத் தயாராகிறது. இரவு பதினோரு மணிக்கு அவள் எதில் நிற்பாள் என்று எனக்குத் தெரியாது, அதற்குத் தெரியும்.

ராட்டினம்:

அந்த "முடிவே இல்லை" என்ற இடம் சரிதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நல்லதும் இருக்கிறது. என் மாமா ஒருவர் பழைய கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் காணொளிகளாகப் பார்ப்பார். யாருமே கண்டுகொள்ளாத விஷயம். அவரைப் போலவே அதில் ஆர்வமுள்ள ஆட்களை அவர் தேடிப் போகவில்லை, அவர்கள் தானாக வந்து சேர்ந்தார்கள். ஃபாலோயர் யுகத்தில் அது நடந்திருக்காது.

வட்டிக்கணக்கு:

இவ்வளவு நேரமாகப் பணத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லையே!

மியூசிக்கலிக்கு 100 கோடி டாலர் வரை கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. அதற்கப்புறம் விளம்பரத்தில் கொட்டினார்கள். 2018, 2019இல் ஸ்னாப்சாட், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதைத் திறந்தாலும் டிக்டாக் விளம்பரம். போட்டியாளனுக்கே காசு கொடுத்து, போட்டியாளனின் ஆட்களையே இழுத்துக்கொண்டு போனார்கள். சின்னப் புது நிறுவனத்தால் இதைச் செய்யவே முடியாது. டௌடியாவும் டூயினும் சீனாவில் சம்பாதித்துக் கொடுத்த தெம்பு அது.

காசு செலவில்லாத விளம்பரமும் ஒன்று இருந்தது: வாட்டர்மார்க். டிக்டாக் காணொளியை யார் வேண்டுமானாலும் சேமித்து வாட்ஸ்அப்பில், இன்ஸ்டாகிராமில் போடலாம். ஆனால் மூலையில் அந்தச் சின்னமும் எடுத்தவர் பெயரும் குதித்துக்கொண்டே இருக்கும். கத்தரித்து எடுக்க முடியாதபடி இடம் மாறி மாறி நிற்கும். செயலியை வைத்திராதவர்களின் கைபேசிக்குள்ளும் அது அப்படித்தான் நுழைந்தது. 2021இல் இன்ஸ்டாகிராம், வேறு செயலியின் சின்னம் உள்ள ரீல்ஸை அதிகம் பரப்ப மாட்டோம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. எரிச்சல் புரிகிறது அல்லவா?

வைன் கதையிலும் பணம்தான். 2015இல் அங்கே முன்னணியில் இருந்த 18 பேர் சேர்ந்து போய் நிறுவனத்தோடு பேசினார்கள். ஆளுக்கு 12 லட்சம் டாலர் கொடுங்கள், மாதம் 12 காணொளி போடுகிறோம், இல்லாவிட்டால் போகிறோம் என்று. பேச்சு முறிந்தது. ஆட்கள் போனார்கள், பார்ப்பவர்களும் போனார்கள். ஒரு சில நட்சத்திரங்களை நம்பி நின்றதன் விலை அது. டிக்டாக்கில் அப்படிப் பதினெட்டுப் பேர் கிளம்பிப் போனால் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. அடுத்த காணொளி ஓடும்.

கத்தரிக்கோல்:

கடைசி வரியில் நூறு சதவீதம் உண்மை. எங்களுக்கு அது கசப்பான உண்மை.

என்னிடம் வேலை கொடுக்கும் ஒருவருக்கு ஃபாலோயர் பத்து லட்சத்துக்கு மேல். ஒரு காணொளி முப்பது லட்சம் பேரிடம் போகும், அடுத்தது மூவாயிரத்தில் நிற்கும். அவர் செய்தது அதே வேலை. பத்து லட்சம் என்பது சுவரில் மாட்டிய பட்டயம் மாதிரி ஆகிவிட்டது, யாரிடமும் கொண்டு சேர்க்காது. புதிதாக வருபவருக்கு இது வரம். முதல் காணொளியிலேயே வெடிக்கலாம். உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாள்.

நாங்கள் உட்கார்ந்து பார்ப்பது ஒரு வரைகோடு. எத்தனை பேர் எந்த விநாடி வரை பார்த்தார்கள் என்று காட்டும் கோடு. முதல் இரண்டு விநாடியில் செங்குத்தாக விழும். அதைத் தூக்கிப் பிடிப்பதுதான் வேலை முழுக்க. "வணக்கம்" என்று தொடங்கினால் போச்சு. பேச்சின் நடுவாக்கியத்தை வெட்டி முன்னால் போடுகிறோம். மூச்சு விடும் இடைவெளியை எல்லாம் நறுக்குகிறோம். கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தோடு ஒட்டும்படி முடித்தால் காணொளி சுற்றி ஓடுவதே தெரியாது, பார்த்த நேரம் ஏறும். நல்ல முடிவு வைக்கத் தெரிந்த எடிட்டருக்கு இங்கே வேலை இல்லை, முடிவே தெரியாமல் செய்பவருக்குத்தான் வேலை.

வட்டிக்கணக்கு:

படைப்பாளிகளுக்குக் கொடுத்த காசையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூலையில் 20 கோடி டாலரில் ஒரு நிதி அறிவித்தார்கள், மூன்றாண்டில் 100 கோடி ஆக்குவோம் என்றார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அது அளவை முன்பே நிர்ணயித்த உண்டியல். யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு, வருமானம் கூடினால் பங்கும் கூடும். இங்கே எடுப்பவர் எண்ணிக்கை கூடக்கூட ஒருவருக்கு விழுவது குறையும். செயலி எவ்வளவு வெற்றி பெறுகிறதோ அவ்வளவுக்குப் படைப்பாளிக்குக் குறைவு. யூடியூபர் ஹாங்க் கிரீன் 2022 ஜனவரியில் இதை விளக்கிக் காணொளி போட்ட பிறகுதான் பலருக்கு உறைத்தது. 2023 டிசம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்சில் அந்த நிதியை மூடிவிட்டார்கள். பதிலாக வந்த திட்டத்தில் காசு வேண்டுமென்றால் காணொளி ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

குறுக்குக்கேள்வி:

ஆக, குறுங்காணொளிச் செயலியே நீளமான காணொளிக்குத்தான் காசு கொடுக்கிறது! நிரல்வாசி, உங்கள் வாதம் இங்கே இடிக்கிறதே. குட்டியாக இருப்பதுதான் கணினிக்கு வசதி என்றீர்கள். ஆனால் 2021 ஜூலையில் 3 நிமிடம், 2022இல் 10 நிமிடம் என்று அவர்களே நீட்டிக்கொண்டு போனார்கள். யூடியூப் ஷார்ட்ஸும் 2024 அக்டோபரில் 3 நிமிடமானது.

நிரல்வாசி:

இடிக்கவில்லை. உங்களை அறிந்துகொள்ளும் வரைக்கும்தான் குட்டி தேவை. அறிந்த பிறகு நீளமாகக் காட்டினாலும் நிற்பீர்கள் என்று அதற்குத் தெரியும். நீளமான காணொளியில் விளம்பரத்துக்கு இடம் அதிகம், பொருள் விற்க நேரம் அதிகம். முதலில் குறுகியதை வைத்து உள்ளே இழுத்தார்கள், உள்ளே வந்தபின் நீட்டினார்கள்.

குறுக்குக்கேள்வி:

ஏற்கிறேன், பாதி. இன்னொரு பாதிக்கு வருகிறேன். "ஃபாலோயர் பார்க்காது, ஆள் பார்க்காது, பார்த்த நேரம் மட்டுமே" என்று இங்கே எல்லாரும் அதை ஒரு நீதிபதி போலப் பேசுகிறோம். 2019 டிசம்பரில் ஜெர்மனியின் நெட்ஸ்போலிட்டிக் தளம் வெளியிட்டதைப் படியுங்கள். மாற்றுத்திறனாளிகளின் காணொளிகள் பரவாதபடி மட்டுப்படுத்த வேண்டும் என்று கண்காணிப்பாளர்களுக்கு விதி இருந்திருக்கிறது. கேலிக்கு ஆளாகாமல் காப்பாற்றத்தான் என்று நிறுவனம் சமாதானம் சொன்னது, பின்னர் அந்த அணுகுமுறை தவறு என்றும் ஒப்புக்கொண்டது. காப்பாற்ற வேண்டுமென்றால் கேலி செய்பவனைத் தடுக்க வேண்டும், கேலிக்கு ஆளாகிறவரை ஒளித்து வைப்பதா?

அப்புறம் 2023 ஜனவரியில் ஃபோர்ப்ஸ் எழுதியது. ஊழியர்கள் கையாலேயே சில காணொளிகளைத் தூக்கிவிடும் பொத்தான் ஒன்று இருக்கிறது, உள்ளுக்குள் அதற்கு "சூடேற்றுதல்" என்று பெயர். நாளின் மொத்தப் பார்வைகளில் 1 முதல் 2 சதவீதம் இப்படி வந்தவை. உங்கள் காணொளி ஏன் வெடித்தது என்று நீங்கள் நினைக்கும் காரணமும் உண்மைக் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ராட்டினம்:

அது எந்தச் செயலியில்தான் இல்லை? ஆனால் கேபி லேமை நினைத்துப் பாருங்கள். செனகலில் பிறந்து இத்தாலியில் வளர்ந்தவர். 2020 மார்ச்சில் தொழிற்சாலை வேலை போய்விட்டது. சும்மா இருந்த நேரத்தில், தேவையில்லாமல் சிக்கலாக்கிக் காட்டும் "வீட்டுக்குறிப்பு" காணொளிகளைப் பக்கத்தில் வைத்து, அதையே எளிதாகச் செய்து காட்டிவிட்டு இரண்டு கைகளையும் விரித்து ஒரு பார்வை. ஒரு வார்த்தை பேசுவதில்லை. 2022 ஜூனில் டிக்டாக்கிலேயே அதிகம் பேர் தொடரும் ஆள் ஆனார். பேசாததால் மொழி தடையாக இல்லை, எந்த நாட்டுக்காரருக்கும் அந்தப் பார்வை புரிந்தது. பழைய ஊடகங்கள் எதுவும் அவருக்குக் கதவைத் திறந்திருக்காது.

சாவிக்கொத்து:

கேட்டது ஒன்று, கிடைத்தது பத்து. நன்றி எல்லாருக்கும். எனக்கு ஒன்று தெளிவானது போலிருக்கிறது, சரியா என்று சொல்லுங்கள்.

2020 ஜூன் 29 அன்று இந்தியா டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. கிட்டத்தட்ட 20 கோடிப் பயனர்கள், ஒரே இரவில் இல்லை. வேறு எந்தச் செயலிக்கும் அது மரண அடி. ஆனால் அடுத்த சில நாட்களில், ஜூலையிலேயே, இன்ஸ்டாகிராம் அங்கே ரீல்ஸை இறக்கியது. யூடியூப் ஷார்ட்ஸ் சோதனை தொடங்கியதும் செப்டம்பரில் அங்கேதான். பார்த்தவர்கள் பார்ப்பதை நிறுத்தவில்லை, இடம் மட்டும் மாறினார்கள். இன்று டிக்டாக் இல்லாத இடத்திலும் அந்தச் செங்குத்துத் திரை, அந்தக் கட்டைவிரல் தள்ளல், ஒலியை எடுத்துப் பயன்படுத்தும் பொத்தான் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் டிக்டாக் ஒரு நாள் கூட முழுதாக அணைந்திருக்கவில்லை, அதற்குள்ளேயே அவ்வளவு கூச்சல். அப்போதும் ரீல்ஸும் ஷார்ட்ஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஆக, பிரபலமானது அந்தச் செயலியா, அந்த வடிவமா?

கத்தரிக்கோல்:

வடிவம்தான். நான் ஒரே காணொளியை மூன்று இடத்துக்கும் வெட்டிக் கொடுக்கிறேன். மாறுவது எழுத்து வைக்கும் இடம் மட்டும், பொத்தான்கள் மறைக்காமல் இருக்க.

வட்டிக்கணக்கு:

வடிவம் பரவியது, சரி. ஆனால் ரீல்ஸ் பார்ப்பவர் தன் நண்பர்களின் கல்யாணப் படத்துக்காகவும் இன்ஸ்டாகிராமைத் திறப்பவர். ஷார்ட்ஸ் பார்ப்பவர் நீளக் காணொளிக்காகவும் வருபவர். டிக்டாக்குக்கு வருபவருக்கு வேறு வேலை எதுவும் இல்லை. அதனால்தான் அங்கே புதிய ட்ரெண்ட் முதலில் பிறக்கிறது, மற்ற இரண்டுக்கும் பின்னால் வருகிறது. இசை நிறுவனங்களுக்கு அது நன்றாகத் தெரியும். 2024 ஜனவரி கடைசியில் யுனிவர்சல் இசை நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் முடிந்து அவர்கள் பாட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டபோது பழைய காணொளிகள் ஊமையாகிப் போயின. மே தொடக்கத்தில் இரண்டு பக்கமும் திரும்பவும் கைகுலுக்கிவிட்டார்கள். யாருக்கு யார் அதிகம் தேவை என்று மூன்று மாதம் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அல்லி:

வடிவமோ செயலியோ, என் கேள்விக்கு யாராவது நேரடியாகப் பதில் சொல்லுங்கள். மகளிடமிருந்து பிடுங்கப் போவதில்லை, அது நடக்காது என்று தெரியும். குறைந்தபட்சம் என்ன செய்யலாம்?

நிரல்வாசி:

அல்லி, என் வீட்டில் நான் செய்பவை. ஒன்று, அறிவிப்புகள் மொத்தத்தையும் அணைத்துவிடுங்கள், "யாரோ போட்டிருக்கிறார்" என்று கூப்பிடுவது நின்றுவிடும். "குடும்ப இணைப்பு" வசதியில் உங்கள் கணக்கை அவள் கணக்கோடு சேர்த்தால் நேர வரம்பை நீங்கள் வைக்கலாம். அவள் தானாக வைக்கும் வரம்பு வேலை செய்யாது, அந்த 107 நிமிடக் கணக்கை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம், வருத்தமூட்டும் காணொளிகளாகவே வந்துகொண்டிருந்தால் 2023 முதல் ஊட்டத்தை (அடுத்தடுத்து வரும் காணொளி வரிசையை) புதிதாக்கும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. அமுக்கினால் புதிதாகச் சேர்ந்தவருக்குக் காட்டுவது போலக் காட்டும். ஆனால் அவள் மறுபடி அதே இடத்தில் தயங்கினால் சீக்கிரமே பழைய இடத்துக்கு வந்துவிடும். எனவே அதை அவளே புரிந்து செய்தால்தான் பலன். எது எப்படி வேலை செய்கிறது என்று அவளிடம் சொல்லுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தங்களை யாரோ ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தால் பிடிக்காது.

அல்லி:

கடைசி யோசனையை இன்றே முயல்கிறேன். உங்கள் "10 நிமிடத்தில் 40 பதில்கள்" பதிவை அப்படியே அவளுக்கு அனுப்பினேன். "இது எல்லாருக்கும் தெரியும்மா" என்று பதில் வந்திருக்கிறது. நேரில் பேசித்தான் பார்க்க வேண்டும்.

வெயில்மழை:

ஹாஹா! சரி, செயலிக்குள்ளேயே பொருள் விற்கும் டிக்டாக் ஷாப் பற்றி யாராவது பேசுங்களேன். இந்தோனேசியாவில் 2023இல் சமூக ஊடகத்தில் நேரடி விற்பனையைத் தடை செய்தார்கள், இவர்கள் டிசம்பரிலேயே அந்நாட்டு இணையக் கடையான டோகோபீடியாவில் 75 சதவீதத்தை வாங்க ஒப்பந்தம் போட்டு வேறு வாசல் வழியாக வந்துவிட்டார்கள். அது தனிக் கதை.

நெறியாளர்:

தனிக் கதை என்பதால் தனி இழைக்கு மாற்றுகிறேன். வட்டிக்கணக்கு, முதல் பதிவை நீங்கள் போடுங்கள்.